வீடியோவில் சாட்சி சொல்லலாமா? அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்டில் சூப்பர்வைசருக்கும் ஒரு மிஷின் ஆபரேட்டருக்கும் தகராறு. "சட்டையைப் பிடித்தான், அடிக்கக் கையை ஓங்கினான்" என்கிறார் சூப்பர்வைசர். "ஓவர்டைம் பணத்தைக் கேட்டேன், அதுக்குத்தான் இந்தப் பழி" என்கிறார் ஆபரேட்டர். சஸ்பென்ஷன், சார்ஜ் ஷீட், உள் விசாரணை, டிஸ்மிஸ் என்று எல்லாம் வழக்கமான வரிசையில் நடந்து முடிகிறது. சமரச அதிகாரி முன்னால் பேசிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் தொழிலாளர் நீதிமன்றம். அதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லக்கூடியவர்கள் நாலு பேர். புகார் கொடுத்த சூப்பர்வைசர் பதவி உயர்வில் புனே ஆலைக்குப் போய்விட்டார். பக்கத்து மிஷினில் நின்ற கான்ட்ராக்ட் தொழிலாளி ஒடிசாக்காரர். கஞ்சம் மாவட்டத்தில் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். சத்தம் கேட்டு ஓடி வந்த செக்யூரிட்டி, ஏஜென்சி மாறியதும் வேலையை விட்டுவிட்டு அஞ்செட்டிப் பக்கம் ஊரில் மாடு வைத்துப் பிழைக்கிறார். நாலாவது ஆள் அதே கம்பெனியில், அதே ஷிப்டில் இன்னும் வேலை பார்க்கும் சக தொழிலாளி.

இவர்களை நேரில் அலைக்கழிக்காமல் வீடியோவில் விசாரித்துவிட்டால் என்ன? தாராளமாகச் செய்யலாம் என்பவர்களும் உண்டு, கூடவே கூடாது என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே அவசரப் பேச்சாகப் படுகிறது. இந்த நாலு பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஏன் என்று புரிய, சாட்சி விசாரணை எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சாட்சி சொல்வது எங்கே, எப்படி?

வேலைத்தகராறில் சாட்சி சொல்லும் இடம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கம்பெனிக்குள் நடக்கும் உள் விசாரணை. கம்பெனி ஒரு விசாரணை அதிகாரியை நியமிக்கும். பல இடங்களில் அவர் வெளியிலிருந்து வரும் வக்கீல். தன் சாட்சிகளை நிர்வாகம் நிறுத்தும், தொழிலாளி குறுக்குக் கேள்வி கேட்பார், அப்புறம் தன் பக்கத்துச் சாட்சிகளை அவர் நிறுத்துவார். இன்னொன்று தொழிலாளர் நீதிமன்றம். உள் விசாரணை முறையாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தால், குற்றச்சாட்டை நிர்வாகம் நீதிமன்றத்திலேயே முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். அப்போது அதே சூப்பர்வைசர் இரண்டாம் தடவையும் சாட்சி சொல்ல வருவார். நிர்வாகத்தின் முதல் சாட்சியை எம்.டபிள்யூ.1 என்றும், தொழிலாளி தரப்பு முதல் சாட்சியை டபிள்யூ.டபிள்யூ.1 என்றும் பதிவு செய்வார்கள். பெரும்பாலும் அந்த டபிள்யூ.டபிள்யூ.1 வேலையிழந்த தொழிலாளிதான்.

விசாரணையில் முதலில் வருவது முதல் விசாரணை, அதாவது சாட்சி தன் கதையைச் சொல்வது. நீதிமன்றங்களில் இதைப் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலமாக எழுதியே தாக்கல் செய்துவிடுகிறார்கள். வக்கீல் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போடுவதுதான் அது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே உண்மை வெளியே வருகிற இடம் அடுத்தது: குறுக்கு விசாரணை. எழுதிக்கொடுக்க ஆள் இல்லாமல், எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விக்குச் சாட்சி அங்கேயே பதில் சொல்ல வேண்டும். வீடியோவா நேரிலா என்ற சண்டை முழுக்க இந்தக் கட்டத்தைப் பற்றியதுதான்.

குறுக்குக் கேள்வி கேட்கும் அந்த உரிமை சும்மா வந்ததில்லை. வட வங்கத்து மீங்ளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில், குற்றச்சாட்டுக்கு ஆதரவாக ஒரு சாட்சியையும் நிறுத்தாமல், தொழிலாளர்களை மட்டும் வரிசையாகக் கேள்வி கேட்டு விசாரணையை முடித்திருந்தார்கள். 1963-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன்மீது என்ன புகார் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எந்தச் சாட்சியத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைத் தொழிலாளி காதால் கேட்க வேண்டும், அதைக் குறுக்கே கேள்வி கேட்கவும் வேண்டும் என்றது. அதே ஆண்டு கேசோராம் பருத்தி ஆலை வழக்கில், ஏற்கெனவே எழுதிவைத்த வாக்குமூலங்களைப் படித்துக் காட்டி விசாரணையை நடத்துவதாயிருந்தால், அவற்றின் நகலைக் குறைந்தது 2 நாள் முன்னதாகவே தொழிலாளிக்குத் தர வேண்டும் என்றது. இன்றைக்கு வீடியோ விசாரணைக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் நாற்பது பக்கப் பி.டி.எஃப். அனுப்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் உள் விசாரணை என்பது நீதிமன்றத்தின் நகல் கிடையாது. சாட்சியச் சட்டத்தின் விதிகள் அங்கே வரிக்கு வரி பொருந்தாது. ஹரியானாவில் ஒரு பஸ் கண்டக்டர்மேல் டிக்கெட் கொடுக்காத புகார். பரிசோதகர்கள் மட்டும் சாட்சி சொன்னார்கள், பயணிகள் யாரையும் விசாரிக்கவில்லை. 1977-இல் ரத்தன் சிங் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பில், பயணிகளை விசாரிக்காததால் மட்டும் விசாரணை செல்லாமல் போகாது என்றது உச்ச நீதிமன்றம். இயற்கை நீதி, அதாவது இரு தரப்பையும் கேட்டு நடுநிலையாக விசாரிப்பது, கெடக்கூடாது, அவ்வளவுதான். அதனால் உள் விசாரணையை வீடியோவில் நடத்தவே முடியாது என்று வாதாடினால் நிற்காது. நடத்திய விதத்தால் தொழிலாளிக்கு என்ன கெடுதல் என்பதுதான் கேள்வியாகும்.

சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது

2003-இல் மகாராஷ்டிர அரசுக்கும் டாக்டர் பிரஃபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கில், இந்தியாவுக்கு வர மறுத்த ஓர் அமெரிக்க மருத்துவரை வீடியோ மூலம் சாட்சியாக விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குற்ற வழக்கு. 'முன்னிலையில்' என்றால் ஒரே அறையில் என்றுதான் அர்த்தம் என்பதில்லை. பார்க்கவும் கேட்கவும் முடிந்தால் போதும் என்பது அதன் சாரம். ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய வழக்கிலேயே சரி என்றால், வேலைத்தகராறில் அடிப்படையிலேயே கூடாது என்று சொல்ல இடமில்லை.

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 6-ஆம் தேதி உத்தரவில் உச்ச நீதிமன்றம் வீடியோ விசாரணைக்கு வழிவிட்டது. ஆனால் ஓர் இடத்தில் பிரேக் போட்டது: இரு தரப்பும் சம்மதிக்காமல் வீடியோவில் சாட்சியம் பதிவு செய்யக்கூடாது. வாதம் கேட்பது வேறு, சாட்சியம் பதிவது வேறு என்று அந்த நெருக்கடியிலும் பிரித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு (e-Committee) வீடியோ விசாரணைக்கான மாதிரி விதிகளை வெளியிட, சென்னை உள்பட உயர் நீதிமன்றங்கள் தங்கள் விதிகளை வகுத்தன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், மின்னணு வழியில் கொடுக்கும் வாக்குமூலத்தையும் சாட்சியம் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டது.

தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்தால், 1947 தொழில் தகராறுகள் சட்டம் அதற்கு விசாரணை முறையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையையும், சாட்சியை வரவழைப்பது, கமிஷன் அனுப்பி (சாட்சி இருக்கும் இடத்துக்கே ஒருவரை நியமித்து அனுப்பி) விசாரிப்பது போன்ற சிவில் நீதிமன்ற அதிகாரங்களையும் கொடுத்திருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த வகை அதிகாரங்கள் அதிலும் தொடர்கின்றன. ஆக, முடியுமா என்ற கேள்விக்கு விடை, முடியும்.

திரையில் எது தொலைகிறது?

வீடியோவை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், முகத்தைப் பார்த்தால்தான் பொய் தெரியும் என்பது. சாட்சியின் நடத்தையை நீதிபதி குறித்து வைக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஒரு விதி உண்டு (ஆணை 18, விதி 12). ஆனால் இந்தக் காரணத்துக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்பேன். ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று பார்த்தும் கேட்டும் மனிதர்கள் எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது பற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. சராசரி விடை நூற்றுக்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். ஜூஸூவாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூண்டில் ஏறி நிற்கும் ஆளுக்கு வியர்ப்பதைப் பொய்யின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளும் அபாயமும் இதில் இருக்கிறது.

நிஜமாகத் தொலைவது வேறொன்று. நீதிமன்ற அறையில் சாட்சியைச் சுற்றி யார் இருக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார், யாரைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார் என்பதெல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அந்த அறை நீதிபதியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வீடியோ வந்ததும் அறை இரண்டாகிவிடுகிறது. இரண்டாவது அறை யாருடையது?

நம் நாலாவது சாட்சியை எடுத்துக்கொள்வோம். அவர் இன்னும் வேலையில் இருப்பதால், 'எதற்கு லீவு போட்டு அலைய வேண்டும், இங்கேயே உட்கார்ந்து சொல்லட்டுமே' என்று கம்பெனி தன் மீட்டிங் ரூமில் லேப்டாப்பை வைத்துக் கொடுக்கிறது. தொழிலாளியின் வக்கீல் கேட்கிறார்: "அன்றைக்கு நீங்க எந்த மிஷின்ல இருந்தீங்க?" பதில் டக்கென்று வருகிறது. "சண்டைக்கு முன்னாடி ஆபரேட்டர் ஓவர்டைம் பத்தி ஏதாவது கேட்டாரா?" இப்போது சாட்சியின் கண் கேமராவுக்கு மேலே போகிறது. மூன்று விநாடி. "ஞாபகம் இல்லைங்க."

அந்த மூன்று விநாடியில் என்ன நடந்தது? யோசித்தாரா? நெட் இழுத்ததா? லேப்டாப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டிருக்கும் எச்.ஆர். தலையை ஆட்டினாரா? டைப் செய்த சாட்சியத்தில் 'ஞாபகம் இல்லை' என்ற இரண்டு சொல் மட்டும்தான் ஏறும். எச்.ஆர். நிஜமாகவே அங்கே இல்லாமல் இருக்கலாம். ஆனால் கம்பெனிச் சுவருக்குள், அடுத்த மாதம் இன்க்ரிமென்ட் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு யாரும் தலையை ஆட்டிக் காட்டத் தேவையும் இல்லை.

ஆவணங்களின் கதை தனி. நேரில் என்றால் வருகைப் பதிவேட்டைச் சாட்சி கையில் கொடுத்து, 'இந்தக் கையெழுத்து உங்களுடையதா, இந்த அடித்தல் யார் போட்டது' என்று கேட்கலாம். ஒரு பக்கத்தைத் திடீரென்று நீட்டும்போது கிடைக்கும் பதிலுக்கு ஒரு மதிப்பு உண்டு. வீடியோ என்றால் ஆவணத்தை முன்கூட்டியே மறுமுனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் சாட்சிக்குத் தயாராக நேரம் கிடைத்துவிடும். அனுப்பாமல் திரையில் காட்டினால் அந்த அடித்தல் மங்கலாகத் தெரியும், 'சரியாத் தெரியலைங்க' என்று தப்பித்துக்கொள்வார். இதற்கு ஒரு வழி, மறுமுனையில் பொறுப்பாக இருக்கும் நீதிமன்ற ஊழியருக்கு மூடிய உறையில் அனுப்பி, கேள்வி வரும்போது பிரித்துக் காட்டச் சொல்வது.

மொழியையும் மறந்துவிடக்கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரே ஷாப் ஃப்ளோரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் ஓடும். சாட்சி ஒடியாவில் பேச, ஒருவர் இந்தியில் சொல்ல, இன்னொருவர் தமிழாக்க, இடையில் ஒலி விட்டு விட்டு வந்தால், 'பிடித்தான்' என்பது 'பிடிக்க வந்தான்' என்று ஆகிவிட எவ்வளவு நேரம் ஆகும்? வேலை போவதும் நிற்பதும் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கலாம்.

அப்படியானால் நாலு பேரையும் என்ன செய்வது?

ஒடிசாக்காரருக்கு வீடியோதான் சரி. வந்து போக ரயிலிலேயே கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆகிவிடும், கூலியும் போய்விடும். வீடியோ கூடாது என்றால் அவர் நேரில் வருவார் என்று அர்த்தமில்லை. சாட்சியமே கிடைக்காது என்றுதான் அர்த்தம். வீடியோ வசதி முதலாளிக்குத்தான் சாதகம் என்ற பேச்சை இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளியின் வாயிலிருந்து வரும் உண்மை பல வழக்குகளில் தொழிலாளிக்கே உதவக்கூடியது. பென்னாகரம், அரூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பியவர்களுக்கும் இதே கணக்குதான். அங்கே நடக்கும் வழக்கில் தருமபுரியிலிருந்தே சாட்சி சொல்ல முடிந்தால் எத்தனையோ பேர் முன்வருவார்கள்.

ஆனால் அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து செல்போனில் சொல்லக்கூடாது. அவர் ஊருக்குப் பக்கத்து நீதிமன்ற வளாகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மாதிரி விதிகள் வகுத்திருக்கும் முறையும் இதுதான். இரண்டு முனையிலும் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். சாட்சியின் அடையாள அட்டையைப் பார்ப்பது, பக்கத்தில் யாரும் எடுத்துக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வது, அனுமதியில்லாமல் யாரும் பதிவு செய்யாமல் தடுப்பது எல்லாம் அவர் வேலை. சாட்சியத்தை அச்செடுத்துப் படித்துப் பார்த்துச் சாட்சி கையெழுத்துப் போட, அது நீதிமன்றத்துக்குத் திரும்பி வரும். செலவு பொதுவாக வீடியோ வேண்டும் என்று கேட்ட தரப்பைச் சேரும். எப்படியும் ரயில் டிக்கெட்டையும் சாட்சிப் படியையும்விடக் குறைவாகத்தான் இருக்கும்.

சூப்பர்வைசர் நேரில் வரட்டும். புகார் அவருடையது, வேலை போனது அவர் வார்த்தையில். புனேயிலிருந்து அவரை விமானத்தில் வரவழைக்கக் கம்பெனிக்குச் சிரமம் இல்லை. மாற்றல் என்பது தூரத்துக்குக் காரணமாகலாம், வராமல் இருப்பதற்குக் காரணமாகாது. தொழிலாளி தானே சம்மதித்தால் வேறு விஷயம். உடல்நலம் போன்ற உண்மையான தடை இருந்தால் புனே நீதிமன்ற வளாகத்திலிருந்து சொல்லலாம், கம்பெனி அலுவலகத்திலிருந்து வேண்டாம்.

செக்யூரிட்டிக்கு வீடியோ தேவையே இல்லை. அஞ்செட்டியில் சிக்னலை நம்பி உட்காருவதைவிட, பஸ் செலவும் அன்றைய கூலியும் கொடுத்து வரவழைப்பது சுலபம். ஒன்று மட்டும்: தேன்கனிக்கோட்டைப் பக்கம் பொழுது சாய்ந்தால் ரோட்டில் யானை நிற்கும். அவரைக் காலையிலேயே கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டால் நல்லது. நாள் முழுக்கக் காக்கவைத்து வாய்தா போடுவதுதான் சாட்சிகளை விரட்டுகிறது.

சக தொழிலாளி நேரில்தான் வர வேண்டும். வீடியோ என்றே முடிவானாலும் கம்பெனி வளாகத்தில் கூடாது. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு வகை வழக்கில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும்: பாலியல் தொல்லைப் புகார். அங்கே பயந்து நிற்பவர் சாட்சி சொல்லும் பெண். ராஞ்சியின் ராஜேந்திர மருத்துவக் கல்லூரி மாணவிகள் விடுதி விவகாரத்தில், குற்றம்சாட்டப்பட்ட மாணவர்கள் இல்லாத நேரத்தில் மாணவிகளின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ததை 1973-இல் உச்ச நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. 2004-இன் சாக்ஷி வழக்கில், பாதிக்கப்பட்டவர் குற்றம்சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காதபடி திரை போடலாம், கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுத்துக் கேட்கவைக்கலாம் என்றது. அது குற்ற வழக்குகளுக்குச் சொன்னது என்றாலும் யோசனை எங்கேயும் பொருந்தும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி அமைந்த உள் புகார்க் குழு முன்னால், பக்கத்து அறையிலிருந்து வீடியோவில் அந்தப் பெண் பேசினால், குறுக்குக் கேள்வியும் நடக்கும், அவரை முறைத்துப் பார்த்து மிரட்டவும் முடியாது.

உங்களுக்கே இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால்

உள் விசாரணையை வீடியோவில் நடத்துவதாகக் கம்பெனி நோட்டீஸ் அனுப்பினால், போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலே விசாரணையை முடித்துவிட்டுப் பழியை உங்கள்மேல் போடுவார்கள். இழுத்தடிப்பதால் உங்களுக்கும் லாபமில்லை, நிர்வாகத்துக்கும் லாபமில்லை. தமிழ்நாட்டின் 1981 பிழைப்பூதியச் சட்டப்படி சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுசும் தர வேண்டும். நிர்வாகம் வீடியோவை விரும்புவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

எதிர்ப்பை எழுத்தில் கொடுங்கள். வெறும் 'ஆட்சேபிக்கிறேன்' போதாது. 1996-இல் எஸ்.கே. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், நடைமுறை மீறியதால் தொழிலாளிக்குப் பாதகம் ஏற்பட்டதா என்று பார்க்கச் சொன்னது. அதனால் என்ன பாதகம் என்பதை எழுதுங்கள்: சாட்சி கம்பெனி அறையிலிருந்து பேசுகிறார், ஆவணத்தின் அசல் எனக்குக் காட்டப்படவில்லை, எனக்கு உதவியாக வரும் சக தொழிலாளியோடு தனியாகப் பேச வழியில்லை, என் ஊரில் நெட் நிற்பதில்லை என்று உள்ளதை உள்ளபடி. மாற்று வழியையும் கூடவே கேளுங்கள்.

விசாரணை தொடங்கியதும், சாட்சியைக் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்லக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை. செல்போனைத் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். சாட்சியின் முகம் மட்டும் தெரிந்தால் போதாது, இரண்டு கையும் மேஜையும் தெரிய வேண்டும். இணைப்பு அறுந்தால், எத்தனை மணிக்கு அறுந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கேள்வி பாதியில் நின்றது என்பதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடும்போது நீங்களே அதை ஒரு வரியில் எழுதித் தேதி போட்டுவிட்டு, நகலை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.